ஆடுதுறை

ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது
என்னிடம் இரண்டு சூட்கேஸும் ஒரு மிக்ஸியும் இருந்தன.
தஞ்சாவூரில் அலுவலகம்.
வாடகை கட்டுப்படியாகாமல் ஆடுதுறையில் வீடு.
ஏழே முக்கால் பாசஞ்சரில்
முதல் ஐந்து வாரம் கதவோரம் நின்றே போனேன்,
கழிப்பறை வாடையும் வயல் காற்றும்
மாறி மாறி முகத்தில் அடிக்க.

உள்ளே ஒரு பெஞ்சில் தினமும் சிரிப்பு.
மடியில் முறம் இல்லாத குறைக்கு
செய்தித்தாளை விரித்துப் பூண்டு உரிப்பார்கள்.
அவர்களுக்குள் பெயர் கிடையாது,
ஏறுகிற ஊர்தான் பெயர்.
"மாயவரம், கொஞ்சம் ஜன்னல் பக்கம் போ."
"திருவிடைமருதூர் இன்னிக்கு லீவு, மாமனார் திவசம்."
கடைசியில் ஏறும் பண்டாரவாடைக்கு
உட்கார இடமே கிடைத்ததில்லை.
ஆனாலும் அந்த நர்ஸம்மா
நின்றுகொண்டே எல்லார் டப்பாவிலும் கை வைப்பாள்.

ஆறாம் வாரம், ஒரு செவ்வாய்.
பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாப்பாட்டுப் பை.
குத்தாலம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
"ஆடுதுறை, உக்காரு."

உட்கார்ந்தேன்.
கண்ணில் தூசி விழுந்தவள்போலக்
கும்பகோணம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் காய்ச்சல். மூன்று நாள்.
கைப்பேசி ஒன்பது தடவை அடித்தது,
ஒன்பதும் கடன் வேண்டுமா என்று.
வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டினார்,
மோட்டார் போட்டது நானா என்று கேட்க.
கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது.
துடைக்காமல் போய்ப் படுத்தேன்.
செத்துப்போனால் எத்தனையாம் நாள் தெரியவரும் என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை,
அந்தக் கணக்கு சுலபமாக வரும்.

நாலாம் நாள் ரயிலேறியதும்
குத்தாலம் திட்ட ஆரம்பித்தாள்,
இரண்டு நிமிஷம் கழித்துத்
திருவிடைமருதூர் ஏறி மிச்சத்தைத் திட்டினாள்.
"எங்கடி போன?"
"ஒரு போன் நம்பராச்சும் குடுத்திருக்கியா நீ?"
"நீ வராத அன்னிக்குத்தான் வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு.
நுரையும் சருகுமா, செக்கச்செவேல்னு.
எல்லாரும் பாத்தோம். நீ பாக்கல."

மேட்டூர் எப்போது திறக்கும் என்று
அதுவரை நான் யாரையும் கேட்டதில்லை.
அன்று அந்தத் தண்ணீரைத் தவறவிட்டது
சொந்தக் கல்யாணத்துக்குப் போகாததுபோல் வலித்தது.

பிறகு குத்தாலம் பெருமையாகச் சொன்னாள்:
மூன்று நாளும் என் இடத்தில் பை இருந்ததாம்.
கைக்குழந்தையோடு ஏறிய ஒருத்தி கேட்டாளாம்.
"ஆள் வருது" என்று சொல்லிவிட்டார்களாம்.
தஞ்சாவூர் வரை அவள் நின்றாளாம்.

எனக்கு இனித்தது.
பொய் சொல்ல மாட்டேன், முதலில் இனிக்கத்தான் செய்தது.
தாராசுரம் தாண்டியபின்தான்
அந்தக் குழந்தையின் கால் எவர் முழங்கையில்
இடித்துக்கொண்டே வந்திருக்கும் என்று தோன்றியது.
பண்டாரவாடை ஏறி
என் நெற்றியில் புறங்கை வைத்து
"இன்னும் சூடு விடல" என்றபோது
நான் பதில் சொல்லவில்லை.

இப்போது கதவோரம் ஒரு பெண் நிற்கிறாள்.
காதில் ஒயர். வலது செருப்பின் வார்
ஊசியால் தைத்தது.
தெரியாதவர்கள் நடுவே கையை எங்கே வைப்பதென்று
அவள் கைக்குத் தெரியவில்லை.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

நேற்று குத்தாலத்தின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தேன்.
"என்னடி இடிக்கிற?"
"கொஞ்சம் தள்ளு."
"தள்ளி? நான் மாயவரத்து மடியிலயா உக்கார?"
முணுமுணுத்தாள். நகர்ந்தாள்.
ஒரு சாண் பலகை வெளியே தெரிந்தது.

"திருநாகேஸ்வரம்" என்று கூப்பிட்டேன்.
அவள் திரும்பவில்லை.
தன் பெயர் அதுவென்று
அவளுக்கு இன்னும் தெரியாது.