இதர

ஒரு படிவத்துக்கு எண்பது சோம்.
நாளுக்குப் பன்னிரண்டு; குறைந்தால் பிடித்தம்.
பிஷ்கெக்கில் டிசம்பர். பேனாவில் மை உறைவதற்குள்
தொர்தோய் சந்தையின் கன்டெய்னர் சந்துகளில்
கொரியா எவ்வளவு இருக்கிறது என்று
நான் அளந்து முடித்தாக வேண்டும்.

பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்கள்:
அந்த நாட்டை எவ்வளவு பிடிக்கும்?
காலுறை விற்பவள் திருப்பிக் கேட்டாள்:
"நாடா? என் கடையில் அது ஒன்றும் வாங்கியதில்லையே."
ஐந்து என்று போட்டேன்.
கேள்வி புரியாதவர்களின் எண் ஐந்து.
கால் விறைத்துப் போனவர்களின் எண்ணும் அதுதான்.

வெல்டர் தோலோகொன் பதினான்கு தொடர் பார்த்திருக்கிறான்,
எல்லாம் மனைவிக்குத் துணையாக, என்கிறான்.
ஒரு நாயகன் பெயரும் நினைவில்லை.
நாயகி இரும ஆரம்பித்தால்
எத்தனையாவது பாகத்தில் சாவாள் என்பது மட்டும்
பிசகாமல் தெரியும்.
பேச்சுவாக்கில் சூட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டான்.
வாயில் வந்தது ரஷ்ய வசவு.
யாரும் காசு கொடுத்து அளக்கச் சொல்லாத ஒரு பேரரசு
அவன் கட்டைவிரல் நுனியை
இன்னும் காலி செய்யவில்லை.

பதினேழாம் கேள்வி.
அந்நாட்டுப் பண்பாடு உங்கள் அன்றாடத்தில்:
உணவு, உடை, அழகுசாதனம், இசை, இதர.

சைராகுல், ரொட்டிக் கடை, வயது நாற்பத்தொன்று.
ஆன்சானில் ஆறு வருடம்
கார்க் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டியவள்.
கிம்ச்சி? வயிற்றுக்கு ஆகாது.
பாட்டு? மெஷின் சத்தத்தில் எங்கே கேட்க.
முகத்துக்கு? ஆட்டுக்கொழுப்பு.
இல்லை, இல்லை, இல்லை.
வெறும் படிவத்துக்கும் எண்பது சோம்தான்.

அப்போது அவள் கைபேசி அடித்தது.
கரா-பால்தாவிலிருந்து மாவு வியாபாரி.
சரி, சரி என்று கிர்கீஸில் சொல்லிக்கொண்டே
இடுப்பிலிருந்து வளைந்தாள்,
அறுபது கிலோமீட்டர் தள்ளி
எங்கோ உட்கார்ந்திருப்பவனுக்கு.
இரண்டு முறை.
வைக்கும்போது மூன்றாவது, கொஞ்சம் ஆழமாக.
நிமிர்ந்தவள் நெற்றியில் மாவு.
"என்ன?" என்றாள்.

என்ன சொல்ல.
எவனோ ஒரு மேஸ்திரி
அவள் முதுகுத்தண்டில் கணுக்கணுவாக எழுதிவைத்ததை
எந்தக் கட்டத்தில் போட?
அது செல்வாக்கா, தழும்பா?
'இதர'வைச் சுழித்தேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: போனில் குனிகிறாள்.

பிப்ரவரியில் அறிக்கை வந்தது, வழுக்கும் தாளில்.
அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தாறு. பாராட்டுகள்.
கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பு:
'இதர' இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்ததால்
'உணவு'டன் சேர்க்கப்பட்டது.

ஆக, சைராகுல் குனிந்ததை
எங்கோ யாரோ சாப்பாடு என்று கூட்டியிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
வசந்தத்தில் துருக்கி. அதே சந்துகள். தொண்ணூறு சோம்.
சமையலறையில் நின்றபடி சம்மதித்தேன்.
நேராகத்தான் நின்றேன்.
அதற்குக் கொஞ்சம்
சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.