கடைசி ஒன்றரை மீட்டர்

பெருமாள்புரம் பல் டாக்டர் கோமதிநாயகம்
ஒரு வயர் வாங்கியிருக்கிறார்.
முப்பத்தெட்டாயிரம்.
ஃபியூஸ் போடப் போன என்னைச்
செருப்பைக் கழற்றச் சொல்லி
மாடிக்குக் கூட்டிப்போனார்.

வெல்வெட் பையிலிருந்து எடுத்தார்.
சாரைப்பாம்புக் கனம், மேலே வெள்ளியிழைப் பின்னல்.
சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக்
கரண்ட் கொண்டுபோவதுதான் அதற்கு வேலை.
பாட்டு அதற்குள் ஓடாது.
அதை நான் சொல்லவில்லை.

'மொதல்ல பழைய வயர்ல கேளும்.'
கேட்டேன். நாகஸ்வரம்.
கழற்றி மாட்டினார். 'இப்போ கேளும்.'
அதே நாகஸ்வரம்.
'சீவாளியில ஈரம் தெரியுதாவே?
தவில்காரர் ஒரு அடி பின்னால தள்ளி
உக்காந்துட்டார் பாத்தீரா?'

கண்ணை மூடியிருந்தார்.
நான் திறந்த கண்ணோடு தவில்காரரைத் தேடினேன்.
எனக்கு அவர் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தார்.
டாக்டர் நல்ல மனுஷன்.
என் மகளுக்குக் கடவாய்ப்பல் எடுத்ததற்குக்
காசு வாங்காதவர்.
'ஆமா சார், ஈரம் தெரியுது' என்றேன்.

படியிறங்கும்போது
பாபநாசத்தில் மலையிறங்கும் தண்ணீர்
சக்கரத்தை உதைப்பது ஞாபகம் வந்தது.
பணகுடிப் பக்கம் ஆனிக்காற்று றெக்கை தள்ளுகிறது.
கூடங்குளத்தில் கடலோரம் என்னமோ கொதிக்கிறது.
எது எங்கே பிறந்ததென்று யாரும் பிரிக்க முடியாமல்
எல்லாம் ஒன்றாகக் கலந்து
பனங்காட்டுக்கு மேலே வருகிறது,
காக்கைக் கூட்டையும் பட்டத்து வாலையும் உரசிக்கொண்டு.
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்
போன ஐப்பசி இடியில் எண்ணெய் கசிந்தது;
இன்னும் அடியில் வாளி வைத்திருக்கிறோம்.
அங்கிருந்து ஏழு கம்பம்.
ஏழாவதில் இருப்பது என் முடிச்சு,
கொட்டும் மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கட்டியது.
பிறகு மீட்டர்.
பிறகு சுவருக்குள் காண்ட்ராக்டர் இழுத்த மலிவு வயர்.
அதற்கும் பிறகுதான் வெள்ளியிழை.
நூறு கிலோமீட்டர் புழுதியில் நடந்து வந்தவனுக்கு
வாசலில் ஒன்றரை மீட்டர் பட்டு.

மறுவாரம் அதே தெருவில்
விளக்கு கண் சிமிட்டுவதாகப் புகார்.
ஏழாவது கம்பம் ஏறினேன்.
என் முடிச்சேதான்.
நியூட்ரல் கரிந்து பொருக்குத் தட்டியிருந்தது.
சுரண்டி, புதுக் கிளாம்ப் போட்டு,
பல்லைக் கடித்து முறுக்கினேன்.

சப்ளை கொடுத்துக் கால் மணி ஆகவில்லை,
மாடிக் கைப்பிடியில் டாக்டர்.
'வேய் செல்வின்! வயர் இப்பதான் பழகியிருக்கு.
ஸ்பீக்கர்ல ஒரு முனகல் இருந்துச்சுல்லா,
சுத்தமா போயிட்டு!'

கையெல்லாம் கரி.
பேண்ட்டில் துடைத்தபடி 'அப்படியா சார்' என்றேன்.
அவ்வளவு சந்தோஷத்துக்குப் பக்கத்தில்
ஒரு கிளாம்பை எப்படிக் கொண்டுபோய் வைப்பது?

ராத்திரி சமாதானபுரத்தில், என் வீட்டில்,
போனில் பாட்டு.
எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தித்தான் கேட்பேன்.
அன்றைக்கு டம்ளர்கள் கழுவாமல் கிடந்ததால்
வெண்கலக் கும்பாவுக்குள் வைத்தேன்.

சத்தம் உருண்டு திரண்டு வந்தது.
பாடுகிறவன் தொண்டையைச் செருமிக்கொண்டது
முதல்தடவையாகக் கேட்டது.

'ஜெபா, வித்தியாசம் தெரியுதா?'
பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள்
'எதுல?' என்றாள்.
ஒரு டம்ளரைக் கழுவி வந்து மாற்றிக் காட்டினேன்.
மறுபடி கும்பா. மறுபடி டம்ளர்.
'கண்ண மூடிக் கேளு.'

மூடினாள்.
ரொம்ப நேரம் மூடியிருந்தாள்.
தூங்கிவிட்டாளோ என்று பார்த்தபோது
'அந்தக் கும்பாவ இங்க தாங்க,
மிஞ்சுன சோத்துக்குத் தண்ணி ஊத்தணும்' என்றாள்.

கொடுத்துவிட்டேன்.
மீதிப் பாட்டு டம்ளருக்குள் ஓடியது.
கொஞ்சம் மெலிந்துதான் கேட்டது,
சத்தியமாக.