அரைத் தம்ளர் பால்

பள்ளத்தூர் ஊருணிப் படியில்
சைக்கிளோடு விழுந்தவன் எழுந்து
வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினான்.
உள்ளங்கையில் முன்பல்,
வேரோடு.

வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க, பாலில் போடுங்க,
ஒரு மணி நேரத்துக்குள் வந்துடுங்க
என்றார் போனில் டாக்டர் ஷகிலா.
டீக்கடையில் காய்ச்சாத பால் கேட்டேன்.
"சீனி?" என்றார் சண்முகவடிவேல்.
தம்ளருக்குள் பார்த்தார்.
காசு வாங்கவில்லை.

காரைக்குடி பஸ்ஸில்
கைக்குட்டைக்குள்ளிருந்து சேவுகன்:
"அது முழுகிடாதுல்லப்பா?"
கோட்டையூர் திருப்பத்தில் தளும்பியது
சட்டையில் இன்னும் வாடை.

பல் நின்றுவிட்டது, கம்பி கட்டி.
இன்சூரன்ஸ் பெண் கேட்டாள்:
"விபத்தா சார், சொத்தையா?"
சொத்தும் இல்லை, சொத்தையும் இல்லைம்மா,
விபத்துதான்.
"இருபத்துநாலு மணி நேரம் அட்மிட் ஆனாரா?"
நாற்பது நிமிஷம். நாற்காலியில்.
"அப்ப வராது சார்."

பதினேழாம் பக்கத்தில்
எறும்பு ஊர்வதுபோல அந்த வரி,
நாலு வருஷமாக.
கண்ணாடி போட்டு
இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

எதிரே இவன்
முன்பல்லால் கடிக்கக் கூடாதென்று
முறுக்கைக் கடைவாயில் ஒதுக்கி
சத்தமில்லாமல்
ஊறவைத்துத் தின்கிறான்.