காலி எடை

"நாகா, கேக்குதா?" என்றேன்.
கேக்குதா என்றது பிந்துலு,
அரை நொடி தாமதித்து, என் குரலிலேயே.

நாலு ஞாயிறாக இதே தொல்லை.
சத்தத்தைக் குறைத்தேன். மைக்கின் வாயில் பஞ்சு வைத்தேன்.
சுங்கை சுமுனின் தகரக் கூரை மழையைச் சந்தேகித்தேன்,
ஆலை இரைச்சலை,
பழைய வின்டோஸை.
கடைசியில் மடிக்கணினியை அரிசிப் பையில் சுற்றி
வோங் கடைக்கு மோட்டாரில் கொண்டுபோனேன்.

அங்கே வேலை பார்க்கும் ஜெகதீஸ் திறந்துகூடப் பார்க்கவில்லை.
"உங்க குரல் உங்களுக்கே திரும்பினா
கோளாறு உங்ககிட்ட இல்லக்கா.
அந்தப் பக்க ஸ்பீக்கர் பேசுறத
அந்தப் பக்க மைக் ஒட்டுக் கேக்குது.
தம்பிய ஹெட்போன் மாட்டச் சொல்லுங்க."
காசு வாங்கவில்லை.

ஹெட்போன் இல்லையாம்.
சம்பளம் வரட்டும், வாங்குறேன் என்றான்.
தேதி ஐந்துதான் ஆகியிருந்தது.

"சரி, சுவரை விட்டுத் தள்ளி வை.
படம் அனுப்பினியே, அந்தப் பச்சை சோபா, அதுமேல வை.
மெத்தை சத்தத்தைக் குடிச்சிடும்."
சோபா... என்றான்.
"திரைச்சீலையையாவது இழுத்து விடு."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
விடு, விடு என்றது என் குரல்
நாலு சுவரிலும் முட்டி.

நான் எடைமேடைக் கிராணி.
குலையோடு வரும் லாரியை எடை போடுவேன்,
கொட்டிவிட்டுத் திரும்புகையில் இன்னொரு முறை.
பதினோரு வருஷம்.
காலி வண்டி மேடையேறும் சத்தம்
கண்ணை மூடினாலும் தெரியும்.

அவன் வீட்டுக்கு எங்களில் யாரும் போனதில்லை.
டிக்கெட் விலை அப்படி.
என் குரல்தான் போய்
அறையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு
வந்து வந்து சொல்லியிருக்கிறது.
நான் அதன் வாயில் பஞ்சு வைத்தேன்.

லீலா எங்கே என்று கேட்கவில்லை.
"துணி இருக்குமில்ல?
எல்லாத்தையும் கொண்டாந்து சுத்திக் குவி."
குவித்தான்.
தடித்த வேலைச்சட்டை, துவாலை,
கடைசியாக ஏதோ சரசரத்தது,
கல்யாணத்துப் பட்டு வேட்டியாக இருக்கும்.

எதிரொலி நின்றது.
அவன் மூச்சு மட்டும்,
பக்கத்தில் உட்கார்ந்தது போல.

"இப்பத் தெளிவாக் கேக்குதாக்கா?"
"கேக்குதுடா."

அதன்பிறகு பேச்சில்லை.
அழைப்பு மட்டும் நாற்பது நிமிடம் ஓடியது.
அவன் மெகி கிளறினான்.
எடுத்து வைப்பது ஒரு தட்டா, இரண்டா என்று
நான் காது கொடுத்திருந்தேன்.