நாலு பந்து பாக்கி

சம்பா அறுத்த வயல். தெளித்த உளுந்தும் முளைக்கவில்லை.
சரி, ஆடுவோம் என்றான் புண்ணியமூர்த்தி.
வயலும் அவனுடையது, கீப்பிங்கும் அவனே.

ஐந்து ஊர், ஐந்து டீம், ஆளுக்கு முப்பது ரூபாய்.
எங்கள் பெயர் கடைமடை லெவன்;
வந்தது எப்போதும் ஒன்பது பேர்.

மாசியில் பந்து ஓட்டையானது.
மாற்றக் காசில்லை. அதற்கப்புறம்தான்
ஜபருல்லா போட்டதெல்லாம் வளைந்தது,
எந்தப் பக்கமென்று அவனுக்கே தெரியாமல்.
கூட்டுறவு வங்கி ராயப்பன் மூன்று ஞாயிறும் முட்டை.
உரக்கடை பில்லின் பின்பக்கம் நான் ஸ்கோர் எழுதினேன்.
முன்பக்கம் பொட்டாஷ் இரண்டு மூட்டை,
பின்பக்கம் வைடு ஒன்பது.

ஆனி இரண்டாம் ஞாயிறு ஃபைனல்.
நாலு பந்து, ஏழு ரன்.
ஜபருல்லா ஓடி வரும்போது
எல்லைக்கோட்டில் நின்ற டேவிட்ராஜ் கத்தினான்.
பாம்பு என்று நினைத்தோம்.
திறந்து கிடந்த மடை வழியே
நுரையும் சருகுமாய்
மிட்விக்கெட் வரை வந்திருந்தது தண்ணீர்.

வரலையே என்று திட்டாத வருஷமில்லை.
வந்துடுச்சே என்று திட்ட
யாருக்கும் வாய் வரவில்லை.
புண்ணியமூர்த்தி கிளவுஸைக் கழற்றி
ஸ்டம்பில் மாட்டிவிட்டு
மண்வெட்டி எடுக்கப் போனான்.

கோப்பை இப்போது டீக்கடை ஃப்ரிட்ஜ் மேல்.
ஒரு வாரம் நாங்கள் துடைக்கிறோம்,
ஒரு வாரம்
மேலவெளிக்காரர்கள்.