ஐந்து கிராம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
வலி இல்லை, அறுவை இல்லை,
வாரம் மூன்று முறையாவது வியர்ப்பவர்.
மூன்றிலும் சரி போட்டேன்.
நான்காவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால்
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
நின்றபடி சில்லு சோதிப்பவள் என்று எழுதியிருப்பேன்.
நிற்பதெல்லாம் விளையாட்டில் சேராதாம்.

குளுகோர் ஆய்வுக்கூடத்தில் குளிர் அதிகம்.
ஹிடாயா என் இடுப்பெலும்பை இரண்டு விரலால் தேடினாள்,
மின்சாரம் போன இரவில் சாவித்துளையைத் தேடுகிறவள் போல,
மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.
கிடைத்ததும் ஒட்டினாள் ஒரு வெள்ளிக் கோலி.
மொத்தம் முப்பத்தொன்பது கோலிகள்.
சுவரைச் சுற்றி இருந்த பத்துக் கேமராக்களும்
பார்த்தது என்னை அல்ல, கோலிகளை.

ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்றாள்.
தொடையெலும்பின் தலை ஒரு பந்து,
இடுப்பில் அதற்கொரு கிண்ணம்.
இரண்டு காலும் பங்கு போட்ட பாரம்
ஒன்றில் நின்றால் இரட்டிக்கும், அவ்வளவுதானே?
இல்லை. என்னைப் போல் மூன்று பேர் ஏறிவிடுகிறார்கள்.
எப்படி என்றேன்.
விரல் நுனியில் பேனாவை வைத்துக் காட்டினாள்.
மறுபக்கம் சாயாமல் இருக்க
இந்தப் பக்கத்துத் தசை கீழே இழுக்கிறது,
அந்த இழுப்பும் பந்தின் தலையில்தான் இறங்குகிறது.
பூமி தருவது கொஞ்சம்.
மிச்சமெல்லாம்
நானே என்னைப் பிடித்துக்கொள்ளும் பிடி.

பிறகு ஓட்டம். பிறகு சட்டென்று திரும்புதல்.
பிறகு வலையருகே பாய்வது போல் ஒரு பாய்ச்சல்.
வலை இல்லை, நீல டேப் ஒட்டிய தரை.
ஏழு தடவை பாய்ந்தேன்.
திரையில் என் கோடு
சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தது போல் படுத்தே கிடந்தது.
இப்படித்தான் ஆடுவீர்களா என்று
அவள் கேட்கவில்லை. முகம் கேட்டது.

பையைத் திறந்தேன்.
இறகு முறிந்த பழைய பூப்பந்து ஒன்று இருந்தது.
இதைப் போடு என்றேன்,
அந்தக் கோட்டுக்கு அப்பால்,
நான் எதிர்பார்க்காத நேரத்தில்.
ஆய்வு முறையில் இதற்கு இடமில்லை என்றாள்.
கணக்கில் சேர்க்காதே என்றேன்.
கதவைப் பார்த்தாள்.
போட்டாள்.

இடது கால் எப்போது உந்தியதென்று தெரியாது.
வலது குதிகால் தகட்டில் விழுந்த சத்தத்துக்கு
பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.
பூப்பந்து என் கையில் இருந்தது.
திரையில் கோடு
கொடிமலை ரயில் மாதிரி ஏறியிருந்தது.

ஐம்பது ரிங்கிட், ஒரு மைலோ பெட்டி, ஒரு கையெழுத்து.
அன்றிரவு குளிக்கும்போதுதான் பார்த்தேன்,
முதுகுப் பக்கம் மறந்துபோன ஒரு கோலி.
மட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.
திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

எட்டு நாள் கழித்து வாட்ஸ்அப் வந்தது.
டேப்பை நோக்கிப் பாய்ந்ததற்கு நாலு மடங்கு.
கணக்கில் சேராத பாய்ச்சலுக்கு ஆறரை.
கணினியின் ஊகம்தான் என்றும் எழுதியிருந்தாள்,
உள்ளே போய் யாரும் அளக்கவில்லையாம்.
என் எடை ஐம்பத்தெட்டு.
நைட் ஷிஃப்ட் கேண்டீனில்
பொட்டலக் காகிதத்தின் ஓரத்தில் பெருக்கினேன்:
முந்நூற்று எழுபத்தேழு கிலோ.
பூப்பந்தின் எடை ஐந்து கிராம்.
எண்ணெய்க் கறைக்கு மேல்
இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில்.

இந்தப் புதன், ஆயிர் ஈத்தாம் மண்டபம்.
அவர்கள் இருபது, நாங்கள் பத்தொன்பது.
சியூ லிங் வலையோரம் ஒன்றைச் சறுக்கவிட்டாள்.
பாய்ந்தேன்.
கிண்ணம் எதுவும் சொல்லவில்லை,
சொல்லாமல் இருக்கும்வரைதான்
படிவத்தில் நான் ஆரோக்கியமானவள்.
மட்டை நுனியில் பட்டது,
வலையில் தொங்கியது.

"ஏன்டி தொட்டே?"
பின்னாலிருந்து புஷ்பலீலா,
இடுப்பில் இரண்டு கையும்.
"அது வெளிய போய்க்கிட்டிருந்துச்சு."