உள்ளே எஃகு இல்லை

மனியாகோவில் மழை பிடித்துக்கொண்டால்
நைலான் கொஞ்சம் இளகிவிடும்.
ஈரம் குடித்த நைலானுக்கு ஒடிவதில் அவசரமில்லை.
அதனால் முந்தின இரவே
பிடிகளை உலர்பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன்.
சலுகை கிடையாது.

உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
மடக்குக் கத்தியை விரித்து
பிடியைக் கவ்வியில் இறுக்கி
அலகின் முதுகில் எடை ஏற்றுவேன்.
ஐந்து கிலோ. பத்து. பதினைந்து.
கண்ணுக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.
காதுதான் முந்திக்கொள்ளும்.

லினன் துணியைப் பிசினில் அடுக்கி அழுத்திய பிடி
முனகும்.
துளையிட்டால் பழைய ஆஸ்பத்திரி நெடி,
எடை ஏற்றினால் பழைய கட்டில் சத்தம்.
மறுபடி முனகி, இன்னொரு தரம் முனகி,
அப்புறம்தான் அடுக்கு பிரியும்.
சொல்லிவிட்டுச் சண்டைக்கு வரும் ஜாதி.

கண்ணாடித் துணி அடுக்கியது முப்பதிலும் ஊமை.
முப்பத்தெட்டில்
திருகுத் துளையைச் சுற்றி ஒரு வெளிறல்,
நகத்தால் அழுத்திய தோல் போல.
தோலில் ரத்தம் திரும்ப வந்துவிடும்.
இதில் எடையை இறக்கினாலும் அந்த வெள்ளை போவதில்லை.

கொம்புக்கு எந்த எண்ணை எழுதுவது?
ஒரே எருமையின் இடக்கொம்பு இருபத்திரண்டு தாங்கியது,
வலக்கொம்பு பதினொன்று.

கார்பன் இழை எல்லாவற்றையும்விட இறகு, எல்லாவற்றையும்விட முறுக்கு.
கடைசி நொடி வரை
'எனக்கொன்றுமில்லை, எனக்கொன்றுமில்லை' என்றே நிற்கும்.
என் புருவத்துத் தழும்பு அது போட்ட கையெழுத்து.

விற்பனைப் பிரிவு எர்மெஸ்
ஈரக் குடையோடு உள்ளே வருகிறான்.
எஃகுத் தகட்டை எடுத்துவிட்டதில் நாற்பது கிராம் மிச்சமாம்.
பெட்டியின்மேல் 'ஒடியவே ஒடியாது' என்று போடலாமா, நிவேஸ்?
ஒடியாத எதுவும் இந்த மேசைக்கு வந்ததில்லை, எர்மெஸ்.
எங்கே ஒடியும் என்று போடு.
பூட்டின் ஆணி போகிற துளையில். எப்போதும் துளையில்தான்.
அப்படிப் போட்டால் எவன் வாங்குவான்?
நான் வாங்குவேன்.
ஒரு கத்தி விற்கும், என்றான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
உறைபனியில் வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தேன்.
ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவன் இந்த எர்மெஸ்தான்,
வழியெல்லாம் என்னைவிட அதிகமாகக் கத்திக்கொண்டு.
வலது முன்கைக்குள் டைட்டானியத் தகடு ஒன்று, திருகு ஏழு.
பதினெட்டு மாதம் உள்தகடு வைத்த கையால்
உள்தகடு இல்லாத பிடிகளை உடைத்தேன்.

பிறகு டாக்டர் சுலியானி
அதை எடுத்துவிடலாம் என்றார்.
தகடு சுமக்கிறவரை எலும்பு சோம்பிக் கிடக்கும்,
சுமை தெரிந்தால்தான் அது தடிக்கும்.
எடுத்தபின் மூன்று மாதம் கனம் தூக்காதே,
திருகு இருந்த இடங்களில் ஏழு துளை.
நான் சிரித்துவிட்டேன்.
படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று
அவர் திருப்பிப் பார்த்தார்.

தகடும் திருகுகளும் மேசை இழுப்பறையில்
உதிரி ஆணிகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன.

இன்று காலை புதிய பிடி.
நைலானில் மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி இழை,
உலர்ந்தது, உள்ளே எதுவுமில்லை.
இடது கையாலேயே எடைகளை ஏற்றினேன்,
ஒவ்வொன்றாக, திருட்டுப்போல மெதுவாக.
நாற்பத்தொன்றில் அது வளைந்தது.
கூசாமல், வெளிப்படையாக,
எர்மெஸ் பார்த்திருந்தால் அலறியிருப்பான்.
பூட்டு நழுவவில்லை.
எடையை இறக்கினேன். நிமிர்ந்தது.

ஒடிந்ததா என்ற கட்டத்தில்: இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்:
வளைந்தது. திரும்பியது.
அரை மில்லிமீட்டர் திரும்பவில்லை.

அந்த அரை மில்லிமீட்டரை எர்மெஸ் அடிக்கச் சொல்வான்.
அடிக்கமாட்டேன்.

பதினோரு மணிக் காபி.
யாருமில்லாத அறையில்
காதைத் தீட்டிக்கொண்டு தூக்கினேன்.
கோப்பையோடு முன்னூறு கிராம்.
வலது கை.
சத்தமில்லை.